அட்டவணையிலிருந்து பட்டை வரைபடம்: வரைவதும் அதைப் படிப்பதும்

பட்டை வரைபடம் போடச் சொன்னதும் பிள்ளைகளின் கை முதலில் செய்வது ஒன்றுதான். தாளின் இடது ஓரத்தில் ஒரு நிமிர்ந்த கோடு, அடியில் ஒரு படுத்த கோடு. பிறகுதான் அட்டவணையைப் பார்ப்பார்கள். மூன்றாவது பட்டைக்கு வரும்போது தாள் போதாது, அல்லது கடைசிப் பட்டை எறும்பு மாதிரி இருக்கும். ரப்பரை எடுப்பார்கள்.

அந்த இரண்டு கோடும் எட்டாவதாக வர வேண்டிய வேலை. அதற்கு முன் செய்யவேண்டியதெல்லாம் வெள்ளைத்தாளில் நடக்கிறது. மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளோடும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் சில பெரியவர்களோடும் உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதிய வரிசை இது.

தேவையானவை: மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள், நன்றாகச் சீவிய பென்சில், 30 செ.மீ. அளவுகோல், கணக்குப் போட ஒரு வெள்ளைத்தாள். கலர் பென்சில் கடைசியில்தான்; அதுவரை மேசைமேல் இருக்கவே வேண்டாம்.

இந்த அட்டவணையை வைத்துக்கொண்டே போவோம்.

தமிழ்நாட்டின் ஏழு மாவட்டங்கள்: மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பு

| மாவட்டம் | மக்கள்தொகை |
|---|---|
| கோயம்புத்தூர் | 34,58,045 |
| சென்னை | 46,46,732 |
| சேலம் | 34,82,056 |
| திருச்சிராப்பள்ளி | 27,22,290 |
| நீலகிரி | 7,35,394 |
| பெரம்பலூர் | 5,65,223 |
| மதுரை | 30,38,252 |
| மொத்தம் | 1,86,47,992 |

1. படம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று ஒரு வரி எழுதுங்கள்

"இந்த ஏழு மாவட்டங்களில் எதில் எவ்வளவு பேர் இருந்தார்கள், ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம்?" இப்படி ஒரு வரி போதும்.

வேண்டாத வேலை மாதிரி தெரியும். ஆனால் எந்த நிரலை வரைவது, பட்டைகளை எந்த வரிசையில் நிறுத்துவது, தலைப்பில் என்ன எழுதுவது ஆகிய மூன்றும் இந்த வரியிலிருந்துதான் வருகின்றன. ஒரே அட்டவணையிலிருந்து இரண்டு வேறு கேள்விகளுக்கு இரண்டு வேறு படம் வரும். பதினொன்றாம் படியில் அதைப் பார்க்கலாம்.

பட்டை வரைபடம் பொருந்துமா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். தனித்தனிப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் என்றால் பொருந்தும். 0–10, 10–20 என்று தொடர்ந்து வரும் மதிப்பெண் பிரிவுகள் என்றால் அது நிகழ்வுச் செவ்வகம் (ஹிஸ்டோகிராம்). அங்கே பட்டைகள் ஒட்டி நிற்கும், இங்கே விலகி நிற்கும்.

2. அட்டவணையின் ஓரங்களை முதலில் படியுங்கள்

எண்களுக்கு முன், தலைப்பு, ஆண்டு, அலகு, கடைசி வரி. இந்த நான்கும்.

ஆண்டு ஏன் முக்கியம்? 2011-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. சென்னை மாவட்டத்தின் எல்லையே 2018-இல் விரிந்தது. அதனால் "சென்னையின் மக்கள்தொகை" என்று மட்டும் எழுதினால் எந்தச் சென்னை என்ற கேள்வி வரும். ஆண்டு தலைப்பில் இருந்தால் வராது.

கடைசி வரியில் மொத்தம் இருந்தால் அதன்மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அது எட்டாவது மாவட்டம் அல்ல. ஒரு பிள்ளை அதையும் பட்டையாகப் போட்டாள். 186 லட்சம் தாளுக்குள் அடங்கவேண்டுமே என்று 1 செ.மீ.க்கு 20 லட்சம் வைத்தாள். பெரம்பலூருக்குக் கிடைத்தது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. "மிஸ், பெரம்பலூர்ல யாருமே இல்லையா?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான்.

வெற்றுக் கட்டம் இருந்தாலும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லை என்பது வேறு, எண் சுழியம் என்பது வேறு. எண் கிடைக்காத இடத்தில் பட்டை போடாமல் "விவரம் இல்லை" என்று எழுதவேண்டும்.

3. எல்லா எண்களையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

46,46,732-ஐக் கிராஃப் தாளில் அப்படியே வைக்க முடியாது. லட்சத்துக்கு மாற்றி, இரண்டு தசம இடம் வைத்துக்கொள்ளுங்கள்: 46.47, 34.82, 34.58, 30.38, 27.22, 7.35, 5.65.

இங்கே நடக்கும் பிழை ஒன்று உண்டு, அது அமைதியாக வரும். 7,35,394-ஐ 73.5 என்று எழுதிவிடுவது. மற்ற எல்லாம் முப்பது, நாற்பது என்று இருப்பதால் கை தானாக அங்கே போகிறது. மாற்றி முடித்ததும், மூல எண்ணில் லட்சத்துக்கான கால்புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே விரல் வைத்து ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். வலமிருந்து இரண்டாவது கால்புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பதுதான் முழு லட்சம்.

எதையும் முழு எண்ணாக்கிவிடாதீர்கள். சேலமும் கோயம்புத்தூரும் இரண்டுமே 35 ஆகிவிடும். படம் வரையும் முன்பே ஒரு வித்தியாசத்தைத் தொலைத்திருப்பீர்கள்.

4. பட்டைகளின் வரிசையை முடிவு செய்யுங்கள்

நம் அட்டவணை அகர வரிசையில் இருக்கிறது. தேடுவதற்கு அது வசதி, ஒப்பிடுவதற்கு அல்ல. உயரமும் குட்டையும் மாறிமாறி வந்தால் கண் ஒவ்வொரு தடவையும் தாவவேண்டியிருக்கும். பெரியதிலிருந்து சிறியதுக்கு அடுக்கினால் அடுத்தடுத்த பட்டைகளின் வித்தியாசம் படிக்கட்டு மாதிரி தெரியும்.

ஆகவே: சென்னை, சேலம், கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, நீலகிரி, பெரம்பலூர்.

ஆண்டு, மாதம், கிழமை போல இயல்பாகவே வரிசை உள்ளவற்றை மட்டும் இப்படி மாற்றக்கூடாது. தேர்வில் "கொடுத்த வரிசையிலேயே" என்று சொல்லியிருந்தால் அதற்கும் கட்டுப்படுங்கள்.

5. அளவுத்திட்டம்

அதிக நேரம் செலவிடவேண்டிய படி இது. பேச்சில் இதையும் ஸ்கேல் என்போம், கோடு போடும் குச்சியையும் ஸ்கேல் என்போம். "ஸ்கேல் எங்கே?" என்று கேட்டால் பிள்ளை அளவுகோலை நீட்டுவான். அவன்மேல் தப்பில்லை. இங்கே நான் சொல்வது, தாளில் 1 செ.மீ. என்பது எத்தனை லட்சத்தைக் குறிக்கிறது என்ற ஒப்பந்தம்.

முதலில் தாளை அளங்கள். என் கையில் இருக்கும் தாளில் அச்சிட்ட பகுதி 18 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம். மேலே தலைப்புக்கு 2, கீழே பெயர்களுக்கு 4 விட்டால் பட்டைகளுக்கு 18 செ.மீ. மிச்சம்.

மிகப் பெரிய எண் 46.47. அதை ஒவ்வோர் அளவாலும் வகுத்துப் பாருங்கள். 1 செ.மீ.க்கு 2 லட்சம் என்றால் 23 செ.மீ.க்கு மேல் வேண்டும், முடியாது. 3 லட்சம் என்றால் 15.5 செ.மீ., இடத்துக்குள் அடங்குகிறது. பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். ஆனால் 1 செ.மீ.க்கு 3 லட்சம் என்றால் ஒரு சின்னக் கட்டம் 30,000. 34.82 லட்சத்தை 30,000-ஆல் வகுத்துப் புள்ளி வைத்துப் பாருங்கள், ஏழு பட்டைக்கும் ஏழு வகுத்தல். படிப்பவருக்கும் அதே தலைவலி, அவர் பெருக்கவேண்டும்.

1, 2, 5, இவற்றின் பத்து மடங்குகள்: இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். இங்கே 1 செ.மீ.க்கு 5 லட்சம். ஒரு சின்னக் கட்டம் 50,000. சென்னைக்கு 9.3 செ.மீ. வரும். எண்கள் எழுதும் நிமிர்ந்த கோட்டை, அதாவது செங்குத்து அச்சை, 50 லட்சம் வரை 10 செ.மீ. போட்டால் போதும். தாளில் மேலே வெற்றிடம் இருக்கும், இருக்கட்டும்.

அடுத்து, சுழியம். செங்குத்து அச்சு 0-வில்தான் தொடங்கவேண்டும். "எல்லாமே 25 லட்சத்துக்கு மேலதான, 25-லேர்ந்து ஆரம்பிச்சா என்ன?" என்று கேட்பார்கள். நீலகிரியும் பெரம்பலூரும் காணாமல் போய்விடும் என்பது ஒரு பக்கம். அவை இல்லாத அட்டவணையாக இருந்தாலும் தப்புதான். 25-இல் தொடங்கினால் திருச்சிக்கு 2.22 லட்சத்துக்கான உயரம், மதுரைக்கு 5.38 லட்சத்துக்கான உயரம். பார்க்கிறவர் மதுரையில் திருச்சியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள் என்று நினைப்பார். உண்மையில் அதிகம் 3.16 லட்சம்தான், ஏறக்குறைய 12 சதவீதம். பட்டை வரைபடத்தில் நாம் ஒப்பிடுவது நீளத்தை. நீளத்தின் அடியை வெட்டினால் ஒப்பீடே பொய்யாகிவிடும். செய்தித்தாளில், விளம்பரத்தில், தேர்தல் நேரத்துப் பதாகைகளில் இந்த வெட்டு அடிக்கடி கண்ணில் படும்.

6. அகலமும் இடைவெளியும் கணக்கிடுங்கள்

அச்சு எண்கள் எழுத இடப்பக்கம் 2 செ.மீ. மீதி 16. ஏழு பட்டைகள், 1 செ.மீ. அகலம், முன்னும் பின்னும் நடுவிலுமாக எட்டு இடைவெளிகள், அவையும் 1 செ.மீ. மொத்தம் 15 செ.மீ. அடங்கிவிட்டது. பட்டைகள் அச்சிலிருந்து 1, 3, 5, 7, 9, 11, 13 செ.மீ. தள்ளித் தொடங்கும். ஒற்றை எண்கள் என்பதால் நினைவிலும் நிற்கும்.

எல்லாப் பட்டைக்கும் ஒரே அகலம் ஏன் என்றால், கண் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை, பரப்பையும் சேர்த்துப் பார்க்கிறது. சென்னைக்கு "பெரிய ஊர்தான" என்று இரண்டு செ.மீ. கொடுத்தால் அது இருக்கிறதைவிட இரண்டு மடங்கு கனமாகத் தெரியும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. "திருச்சிராப்பள்ளி" ஒரு செ.மீ. பட்டைக்கு அடியில் அடங்காது. பிள்ளைகள் தி.பள்ளி, கோவை, சென்., பெரம். என்று ஆளுக்கொரு சுருக்கம் போடுகிறார்கள். இரண்டு வழி: தாளைத் திருப்பிப் பெயரைக் கீழிருந்து மேலாக எழுதுங்கள் (4 செ.மீ. விட்டது அதற்காகத்தான்). அல்லது பட்டைகளையே படுக்கவைத்து, இடப்பக்கம் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். பெயர்கள் நீளமாக இருக்கும் அட்டவணைக்குப் படுத்த பட்டைதான் எனக்குப் பிடித்தது. கழுத்தைச் சாய்க்காமல் படிக்கலாம். இந்தக் கட்டுரையில் நிமிர்ந்த பட்டைகளை வைத்துக்கொண்டே போகிறேன்.

7. உயரங்களை எழுதி முடித்துவிடுங்கள்

வெள்ளைத்தாளில் ஒரு புது நிரல். லட்சத்தில் உள்ள எண்ணை இரண்டால் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடும், ஏனென்றால் 1 மி.மீ. அரை லட்சம்.

| மாவட்டம் | லட்சத்தில் | உயரம் (மி.மீ.) |
|---|---|---|
| சென்னை | 46.47 | 93 |
| சேலம் | 34.82 | 70 |
| கோயம்புத்தூர் | 34.58 | 69 |
| மதுரை | 30.38 | 61 |
| திருச்சிராப்பள்ளி | 27.22 | 54 |
| நீலகிரி | 7.35 | 15 |
| பெரம்பலூர் | 5.65 | 11 |

சேலத்தையும் கோயம்புத்தூரையும் கவனியுங்கள். உண்மையான வித்தியாசம் 24,011 பேர். இந்த அளவுத்திட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. முழு மில்லிமீட்டராக மாற்றியதில் ஒரு கட்ட வித்தியாசம் வந்துவிட்டது, அதாவது 50,000. படம் எங்கே பலவீனமானது என்பது இங்கே தெரிகிறது. இதைச் சரிசெய்ய முடியாது, மறக்காமல் இருக்கலாம். ஒன்பதாம் படியில் இதற்கு ஒரு மருந்து உண்டு.

8. இப்போது கோடு போடுங்கள்

இடமிருந்து 2 செ.மீ., கீழிருந்து 4 செ.மீ. வரும் இடத்தில் ஆதிப்புள்ளி, அதாவது இரண்டு அச்சும் சந்திக்கும் இடம். அச்சுகளைத் தடித்த கட்டக் கோட்டின் மேலேயே போடுங்கள். நடுவில் போட்டால் ஒவ்வொரு பட்டைக்கும் கட்டம் எண்ணவேண்டிவரும்.

செங்குத்து அச்சில் 0, 5, 10 என்று 50 வரை, ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒன்று. அச்சில் அட்டவணை எண்களை எழுதுவதுதான் தொடங்குகிறவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தப்பு. முதல் கோட்டில் 5.65, அடுத்ததில் 7.35, அடுத்ததில் 27.22. அப்படி எழுதினால் எல்லாப் பட்டையும் ஒரே அளவில் ஏறிப்போகும். 7-க்கும் 27-க்கும் நடுவில் இருக்கும் பெரிய பள்ளம் மறைந்துவிடும். அச்சு என்பது அளவுநாடா. துணி எந்த நீளம் இருந்தாலும் நாடாவின் எண்கள் மாறாது.

பட்டைகளை உடனே வரையாதீர்கள். ஏழு உயரங்களுக்கும் ஏழு புள்ளி மட்டும் வையுங்கள். பிறகு அட்டவணையை மூடிவிட்டு, புள்ளிகளிலிருந்து எண்ணைத் திரும்பப் படித்து எழுதி, ஒப்பிட்டுப் பாருங்கள். தவறான புள்ளியை அழிப்பது எளிது. முழுப் பட்டையை அழித்தால் தாளின் கட்டக் கோடுகளும் சேர்ந்து போகும்.

பென்சில் முனை மழுங்கியிருந்தால் சீவிக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் தடித்த கோடு இந்தப் படத்தில் 25,000 பேர். சேலத்துக்கும் கோவைக்கும் உள்ள வித்தியாசத்தைவிட அதிகம்.

9. எழுத்து வேலை

தலைப்பில் என்ன, எங்கே, எப்போது மூன்றும் வரட்டும்: "தமிழ்நாட்டின் ஏழு மாவட்டங்களின் மக்கள்தொகை, 2011". நிமிர்ந்த அச்சின் பக்கத்தில் "மக்கள்தொகை (லட்சத்தில்)", படுத்த அச்சின் அடியில் "மாவட்டம்". வலது மேல் மூலையில் "அளவுத்திட்டம்: 1 செ.மீ. = 5 லட்சம்". இது இல்லாவிட்டால் மதிப்பெண் போகும்.

முன்பு சொன்ன மருந்து இதுதான்: ஒவ்வொரு பட்டையின் தலையிலும் அதன் எண்ணை எழுதுங்கள், 34.82, 34.58 என்று. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தை எண் காப்பாற்றும்.

நிறம் ஒன்று போதும். ஏழு மாவட்டத்துக்கு ஏழு நிறம் அடித்தால், பார்க்கிறவர் நிறத்துக்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று தேடுவார்.

10. படத்தைப் படிப்பது

வரைந்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். வரைந்தது படிக்கத்தான். இந்த வரிசையில் படியுங்கள்.

முதலில் ஒரு பட்டை: மதுரையில் ஏறக்குறைய 30 லட்சம் பேர். அடுத்து இரண்டு பட்டை: சென்னையின் மக்கள்தொகை பெரம்பலூரைப்போல எட்டு மடங்கு. கழித்தும் சொல்லலாம், வகுத்தும் சொல்லலாம். எதைச் செய்தீர்கள் என்பது வாக்கியத்தில் தெரியவேண்டும். "41 லட்சம் அதிகம்" என்பது கழித்தல், "எட்டு மடங்கு" என்பது வகுத்தல். "எட்டு மடங்கு அதிகம்" என்று இரண்டையும் குழைத்து எழுதாதீர்கள்.

பிறகு மொத்தமாகப் பாருங்கள். ஐந்து உயரப் பட்டைகள், சட்டென்று ஒரு சரிவு, இரண்டு குட்டைப் பட்டைகள். இந்த இடத்தில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் வழுக்குகிறார்கள். "தமிழ்நாட்டில் மாவட்டங்கள் ஒன்று 27 லட்சத்துக்கு மேல், இல்லாவிட்டால் 8 லட்சத்துக்குக் கீழ்" என்று ஒருவன் எழுதினான். அந்தப் பள்ளம் நாம் இந்த ஏழு மாவட்டங்களைப் பொறுக்கியதால் வந்தது. தஞ்சாவூர் 24,05,890, திண்டுக்கல் 21,59,775, கரூர் 10,64,493 என்று நடுவில் நிறைய மாவட்டங்கள் உண்டு. நம் அட்டவணையில் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று: "சேலம் இரண்டாவது பெரிய மாவட்டம்." இந்த ஏழில் ஆமாம். மாநிலத்தில் அப்போது காஞ்சிபுரம், வேலூர், திருவள்ளூர் மூன்றும் அதற்கு மேலே. ஆகவே வாக்கியத்தை "இந்த ஏழு மாவட்டங்களில்" என்று தொடங்கிப் பழகிக்கொள்ளுங்கள். பாதித் தப்பு அந்த இரண்டு மூன்று சொல்லில் அடிபட்டுவிடும்.

கடைசியாக, படம் சொல்லாததைக் கேளுங்கள். உயரமான பட்டை என்பதால் சென்னை பெரிய மாவட்டமா? பரப்பளவில் 2011-இல் அதுதான் மாநிலத்திலேயே மிகச் சின்ன மாவட்டம். பட்டையின் உயரம் ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது. நெரிசல், பரப்பு, வருமானம் எதற்கும் அது சாட்சி அல்ல. ஏன் நீலகிரியில் குறைவு என்பதற்கும் இந்தப் படத்தில் பதில் இல்லை. "மலைப்பகுதி என்பதால்" என்று எழுதினால் அது உங்கள் பொது அறிவு. அப்படியே குறிப்பிட்டு எழுதுங்கள்.

11. ஆண்டு வாரியான அட்டவணை வந்தால்

தமிழ்நாட்டின் மக்கள்தொகை, லட்சத்தில்:

| ஆண்டு | மக்கள்தொகை | முந்தைய கணக்கெடுப்பைவிட அதிகம் |
|---|---|---|
| 1951 | 301.2 | – |
| 1961 | 336.9 | 35.7 |
| 1971 | 412.0 | 75.1 |
| 1981 | 484.1 | 72.1 |
| 1991 | 558.6 | 74.5 |
| 2001 | 624.1 | 65.5 |
| 2011 | 721.5 | 97.4 |

இரண்டாம் நிரலை வரைந்தால் ஏழு பட்டைகளும் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும். "மக்கள்தொகை கூடிக்கொண்டே வந்தது" என்பதைத் தாண்டி அதில் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாம் நிரலை வரையுங்கள். 1961-இல் குட்டையாகத் தொடங்கி, மூன்று பட்டைகள் ஏறத்தாழ சமமாக நின்று, 2001-இல் இறங்கி, 2011-இல் எகிறுகிறது. இரண்டும் ஒரே அட்டவணைதான். "எத்தனை பேர்?" என்று கேட்டால் முதல் படம், "எவ்வளவு கூடியது?" என்று கேட்டால் இரண்டாவது. முதல் படியில் கேள்வியை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு பொறி. மூன்றாம் நிரலில் 2001-க்கான பட்டை இறங்கியதைப் பார்த்து "மக்கள்தொகை குறைந்தது" என்று எழுதுவார்கள். குறைந்தது கூடுதலின் அளவு. மக்கள்தொகை அப்போதும் 65.5 லட்சம் கூடியது.

ஆண்டுகளைக் காலவரிசையிலேயே விடுங்கள், சம இடைவெளியில். 2021-இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதனால் 2011-க்கு அடுத்து வேறோர் ஆண்டின் எண்ணைச் சேர்க்கவேண்டிவந்தால், பத்தாண்டு அல்லாத அந்த இடைவெளி அச்சில் தெரியவேண்டும். பத்தாண்டுக் கூடுதல்களோடு அதை நேராக ஒப்பிடவும் கூடாது.

12. இரட்டைப் பட்டை

எழுத்தறிவு பெற்றோர், 2011, சதவீதத்தில் (7 வயதும் அதற்கு மேலும்):

| மாநிலம் | ஆண் | பெண் |
|---|---|---|
| கேரளம் | 96.11 | 92.07 |
| தமிழ்நாடு | 86.77 | 73.44 |
| கர்நாடகம் | 82.47 | 68.08 |
| ஆந்திரப் பிரதேசம் | 74.88 | 59.15 |

(இது தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஆந்திரம்.)

ஒரே மாநிலத்தின் இரண்டு பட்டைகளும் ஒட்டி நிற்கட்டும். அடுத்த மாநிலத்துக்கு முன் இடைவெளி. ஒட்டியிருப்பவைதான் முதலில் ஒப்பிடப்படும், ஆகவே எதை எதோடு ஒப்பிடவேண்டுமோ அதை அதோடு ஒட்டுங்கள். ஆண் இடப்பக்கம் என்றால் நான்கு இடத்திலும் இடப்பக்கம். நிறக்குறிப்பு கட்டாயம். அச்சு 0 முதல் 100 வரை, 1 செ.மீ.க்கு 10.

இங்கே கழிக்கும்போது முழு எண்ணாக்கிவிட்டுக் கழிக்காதீர்கள். தமிழ்நாடு 87, 73, வித்தியாசம் 14. கர்நாடகம் 82, 68, அதுவும் 14. இரண்டும் சமம் என்று எழுதிவிடுவீர்கள். மூல எண்ணைக் கழித்தால் தமிழ்நாட்டுக்கு 13.33, கர்நாடகத்துக்கு 14.39. கழித்த பிறகு முழுமையாக்குங்கள்.

மக்கள்தொகையையும் சதவீதத்தையும் ஒரே அச்சில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். சொல்லவேண்டியிருக்கிறது. அலகு வேறானால் படம் வேறு.

13. கணினியில் செய்தால்

முதல் நான்கு படிகள் அப்படியே. அளவுத்திட்டத்தை எக்ஸெல் பார்த்துக்கொள்ளும், ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடாதீர்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் அச்சைச் சுழியத்துக்கு மேலே எங்கோ தொடங்கிவிடும். அச்சின் குறைந்தபட்ச மதிப்பை நீங்களே 0 என்று போடுங்கள்.

கட்டத்துக்குள் "34.82 லட்சம்" என்று தட்டினால் அது எண் அல்ல, எழுத்து, பட்டை எழும்பாது. எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும், இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அலகை நிரலின் தலைப்பில் எழுதுங்கள்.

ஆண்டு நிரல் உள்ள அட்டவணையில் 1951, 1961 என்பவையே பட்டைகளாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டும் ஓர் எண்தானே என்று எக்ஸெல் நினைத்துக்கொள்கிறது. ஆண்டு நிரலின் தலைப்புக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு மறுபடி வரையச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படுத்த பட்டை போட்டால் அட்டவணையின் முதல் வரி அடியில் போய் நிற்கும். அச்சின் அமைப்பில் வரிசையைத் தலைகீழாக்கும் தேர்வு இருக்கிறது. அதைக் குறியிட்டால் சென்னை மேலே வந்துவிடும். முப்பரிமாணப் பட்டை வேண்டாம். அதன் தலை எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அச்சடிப்பது கருப்பு வெள்ளையில் என்றால், இரட்டைப் பட்டைக்கு ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர் என்று வையுங்கள். சிவப்பும் பச்சையும் ஜெராக்ஸ் கடையில் ஒரே சாம்பலாக வந்து நிற்கும்.